பயணம் சொல்லிய வீடுகள்

முப்பத்தொன்பது, நாற்பது, நாற்பத்தொன்று. இப்போது நிற்பார். யா அல்லாஹ், அந்த மதிலோரம் போய் நிற்கட்டும். நடுத்தெருவில் வேண்டாம்.

உதடு அசையாமல் எண்ணிக்கொண்டு முஸ்பிறா கணவனுக்கு இரண்டடி பின்னால் நடந்தாள். நாற்பத்திரண்டாவது எட்டில் றவூப் நின்றார். நின்றதற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று பக்கத்து வளவின் ஜம்புமரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"இந்த முற... நல்லாக் காச்சிரிக்கி."

மரத்தில் ஒரு காய்கூட இல்லை.

"ஓம்," என்றாள் முஸ்பிறா.

போன கிழமை அறுபதாவது எட்டில்தான் நின்றார். அதற்கு முந்திய கிழமை எண்ணவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. இப்போது எண்ணாமல் இருக்க முடியவில்லை. வீட்டுக்குள் கழிப்பறைக்குப் போகும்போதும் எண்ணுகிறாள். தொழுகையில் நின்றால்கூட அடுத்த அறையில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் ஓதிக்கொண்டிருந்தது நின்று எண்ணிக்கை தொடங்கிவிடுகிறது.

ஹஜ்ஜுக்குப் போக இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. போகிறவர்கள் சொந்தக்காரர், அயலவர், பகைத்தவர் என்று எல்லார் வீட்டுக்கும் போய்ப் பயணம் சொல்லவேண்டும். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளைப் பொருந்திக்கொள்ளுங்கள் என்று கேட்கவேண்டும். மனிதரிடம் பட்ட குறையை மனிதர் மன்னிக்காமல் அங்கே போய் நின்று என்ன பயன் என்பது கல்முனைக்குடியில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். றவூப்புக்கு இந்தப் பட்டியல் மற்றவர்களைவிட நீளம். அவர் பத்தொன்பது வருடமாக வட்டவிதானை. மாவடிப்பள்ளிப் பக்கத்து வயல்களில் யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்று முறை பிரித்துவிடும் பொறுப்பு அவருடையது. தண்ணீர் பிரிக்கிறவனுக்கு நண்பர்கள் குறைவு.

அதனால் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நாளுக்கு நான்கைந்து வீடு. எல்லாம் அடுத்தடுத்த ஒழுங்கைகள். இந்தத் தூரத்துக்கு மோட்டார் சைக்கிளில் போனால் ஊர் சிரிக்கும் என்று அவர் சொல்லிவிட்டார்.

ஒவ்வொரு வாசலிலும் அதேதான் நடந்தது. அவர் ஸலாம் சொல்வார். அதற்குப் பிறகு சொல் வராது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தோள்கள் ஏறி இறங்கும். கண்கள் நீர் கோத்துச் சிவந்துவிடும். உள்ளே இருப்பவர்கள் அதைப் பார்த்ததும் கலங்கிப்போவார்கள். "அழாதீங்க றவூப் காக்கா, நாங்க பொருந்திட்டம், எங்களுக்காக துஆக் கேளுங்க" என்று அவர்களும் அழுவார்கள். மூன்றாம் நாளே ஊரில் கதை பரவிவிட்டது. வட்டவிதானையார் வாசலுக்கு வாசல் நின்று அழுகிறாராம், மனுசன் எப்படி மாறிப்போனார் பார் என்று. பள்ளியில் ஒருவர் அதைச் சொல்லி மற்றவர்களுக்குப் புத்தி சொன்னாராம். பத்து வருடம் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேர் தாமாகவே வீடு தேடி வந்து அவரைக் கட்டிப்பிடித்தார்கள்.

அது அழுகை இல்லை என்று முஸ்பிறாவுக்கு மட்டும் தெரியும். தெரிந்துகொண்டு அவள் பக்கத்தில் முக்காட்டைச் சரிசெய்தபடி நின்றாள்.

சல்மா உம்மா வீட்டு வாசலிலும் அப்படித்தான் நின்றாள். சல்மா உம்மா றவூப்பின் மூத்த சகோதரி. முழங்கால் வருத்தத்தோடு எழும்பி வந்து, நிலையைப் பிடித்து நின்ற தம்பியைக் கண்டதும் அவர் முகம் உடைந்துபோயிற்று.

"அழாத தம்பி. நான் என்னத்தடா பொருந்துற? நீ எனக்கு என்ன செஞ்சாய்?" முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடே குரல் மாறிற்று. "செஞ்சதுதான். பெருநாளைக்கு எனக்கெண்டு உம்மா எடுத்துவெச்ச வட்டிலப்பத்தத் திண்டுபோட்டுப் பூனை எண்டு சொன்னாய். அதையும் பொருந்திட்டன். ஆனா அடிபட்ட பூனைக்கிட்ட நீ தனியாக் கேக்கணும்."

றவூப் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நீண்டு, அவர் அப்படியே கதிரையில் உட்கார்ந்தார். முஸ்பிறா தண்ணீர்க் கோப்பையை எடுத்து நீட்டினாள். கோப்பை அவர் பல்லில் பட்டுச் சத்தமிட்டது.

"சளியா?"

"தூசி ராத்தா. வயல் தூசி."

"ஹாட்டெல்லாம் நல்லா இரிக்காமே. உன்ட மகள் ஆதிலா சொன்னா."

அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தவர்போல் றவூப் போனை எடுத்தார். இதயத்துக்கு எடுத்த எக்கோ ரிப்போட்டைப் படம் எடுத்து வைத்திருந்தார். இந்த ஒரு கிழமையில் எத்தனை பேருக்குக் காட்டியிருப்பார்! "அறுவத்திரண்டு வீதம் ராத்தா. இருவத்தஞ்சி வயசுப் பொடியன்ட ஹாட் எண்டாங்க."

"மாஷா அல்லாஹ்." சல்மா உம்மா எழுத்துத் தெரியாத கண்ணோடு திரையை மரியாதையாகப் பார்த்துவிட்டு முஸ்பிறாவின் பக்கம் திரும்பினார். "நீ என்ன மச்சி பேயறஞ்ச மாதிரி இரிக்காய்? மக்காவுக்குப் போற முகமா இது?"

சொல்லிவிடலாம். இப்போதே சொல்லிவிடலாம். மச்சி, இன்னொரு ரிப்போட் இருக்கிறது என்று நான்கு சொல். சல்மா உம்மா ஒருவர்தான் இவரை அதட்டக் கூடியவர். முஸ்பிறா வாயைத் திறந்தாள். றவூப் போனைப் பையில் போட்டபடி அவளைப் பார்த்தார். மிரட்டுகிற பார்வையாக இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். அது கெஞ்சுகிற பார்வை.

"நித்திர இல்ல மச்சி. அதுதான்."

இன்னொரு ரிப்போட் அவள் அலுமாரியில், ஹஜ்ஜில் இஹ்ராமுக்கென்று தனக்குத் தைத்து வைத்த வெள்ளை உடுப்புகளுக்குக் கீழே, பெரிய உறைக்குள் கிடந்தது. ஐந்து கிழமைக்கு முன், மகள் ஆதிலாவின் தொந்தரவு தாங்காமல், முதலில் இதயத்துக்கு எக்கோ எடுத்தார்கள். அது நல்லது என்று வந்தது. ஆதிலா அன்றைக்கே அயல் வீடுகளுக்குக் கேக் வாங்கிக் கொடுத்தாள். பிறகும் படியேற மூச்சு வாங்குகிறதே என்று நுரையீரல் வருத்தத்துக்குப் பார்க்கும் டொக்டர் நிலாந்தினியிடம் கணவனும் மனைவியும் மட்டும் போனார்கள். அவள் இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொன்னாள். அதைக் கொண்டுபோய்க் கொடுத்த நாளை முஸ்பிறா மறக்க முயன்றுகொண்டிருந்தாள்.

டொக்டர் நிலாந்தினி சின்ன வயதுக்காரி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கணினித் திரையை இவர்கள் பக்கம் திருப்பினாள்.

"ஐயா, உங்கட இதயம் பலவீனமில்ல. அடிக்க வேண்டிய மாதிரி அடிக்குது. ஆனா அதுக்குள்ள வந்து நிறைய வேண்டிய ரத்தம் குறைவா வருது."

"ஏன் குறையுது?"

"உடம்பெல்லாம் ஓடித் திரும்பி வாற ரத்தம், நுரையீரலுக்குள்ளால போய்த்தான் இதயத்தின்ட இடப்பக்கத்துக்கு வரவேணும். நுரையீரலுக்குள்ள மயிரிலயும் சின்னக் குழாய்கள் கணக்கில்லாமக் கிடக்கு. நாப்பது வருசப் புகையில அதுகளில கனக்க இல்லாமப் போயிட்டு. மிச்சம் ஒடுங்கிட்டு. நுரையீரலும் அங்கங்க கரைஞ்சு, இழுத்த காத்து வெளியில போகாம அடைபட்டு நிண்டு நெஞ்சுக்குள்ள நெருக்குது. அப்ப இதயத்தின்ட இடப்பக்கம் வடிவா நிறையாது. நிறையாத இதயம் எவ்வளவு நல்லா அடிச்சாலும் வெளியில போறது கொஞ்சம்தான். கதிரையில இருக்கக்குள்ள அது காணும். நடக்கக்குள்ள காணாது. அதுதான் இந்த மூச்சு."

திரையில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று நோயில்லாத ஒருவருடையது. கிளையும் சிறுகிளையும் நுனிவரை பரவிய மரம்போல. மற்றது றவூப்புடையது. தடித்த கிளைகள் மட்டும் பாதியில் நின்றன. ஓரமெல்லாம் கறுப்பு.

"அந்தக் கறுப்பா இரிக்கிறது புகையா டொக்டர்?" முஸ்பிறா கேட்டாள். புகை என்றால் கழுவலாம், வெளியேற்றலாம் என்று ஏதோ ஒரு நம்பிக்கை.

"இல்லம்மா. அந்த இடத்தில ஒண்டுமில்ல. வெறும் காத்து."

அந்தச் சொல்லில்தான் அவளுக்குப் பயம் பிடித்தது. முப்பத்திநான்கு வருடம் பக்கத்தில் படுத்து, காது வைத்து, தலை சாய்த்துக் கிடந்த நெஞ்சுக்குள் ஒன்றுமில்லாத இடங்கள் இருந்திருக்கின்றன. அவை பெருகிக்கொண்டும் இருந்திருக்கின்றன. அவள் சமைத்துப் போட்டதும் சண்டை பிடித்ததும் பிள்ளை பெற்றதும் எல்லாம் அதற்குப் பக்கத்தில்தான்.

றவூப் வெகுநேரம் திரையைப் பார்த்தார். பிறகு, "விளங்குது," என்றார். "தண்ணி இறைக்கிற மிசின் நல்லம். குழிக்கு வாற வாய்க்கால்தான் தூந்துபோயிட்டு. மிசின் சும்மா நிண்டு கத்தும்."

"சரியாச் சொன்னீங்க ஐயா."

டொக்டர் பாராட்டியதும் அவர் வகுப்பில் விடை சொன்ன பொடியன்போல் சிரித்தார். முஸ்பிறா அந்தச் சிரிப்பிலிருந்து கண்ணைத் திருப்பிக்கொண்டாள். தூர்ந்த வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற பயிருக்கு என்ன நடக்கும் என்பது இந்தக் கரையில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள்!

"வெட்டித் துப்பரவாக்க ஏலாதா டொக்டர்?" என்றார் றவூப்.

"போனது திரும்பி வராது. இருக்கிறதக் காப்பாத்தலாம். இண்டையோட சிகரட்ட விடுங்க. வாயில வெச்சு இழுக்கிற பம்ப் தாறன். மூச்சுப் பயிற்சி இருக்கு, கிளினிக்குக்கு வாங்க. ஆறு மாசத்தில நடை கொஞ்சம் கூடும்."

ஹஜ்ஜைப் பற்றி றவூப்தான் கேட்டார், ஏதோ கடைக்குப் போவதைக் கேட்பதுபோல. டொக்டர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டாள்.

"இந்த வருசம் வேணாம் ஐயா. அந்த வெயில், அந்தச் சனம், அவ்வளவு நடை. வீல்செயாரில போனாலும் விமானத்துக்குள்ள ஒட்சிசன் குறையும். அடுத்த வருசம் பாத்துச் சொல்லுவம்."

ஓட்டோவில் திரும்பி வந்தார்கள். ஹஜ்ஜுக்காகப் பதினொரு வருடம் காத்திருந்தார்கள். ஒருமுறை ஆதிலாவின் கலியாணம் தடுத்தது, ஒருமுறை கொரோனா. வீட்டுக்கு வந்ததும் உறையை அவளிடம் கொடுத்தார். "இது நமக்குள்ள இரிக்கட்டும் புள்ள. போற ஆக்களுக்கு மெடிக்கல் படிவம் நிரப்புறது நம்மட பஸாரில இரிக்கிற டொக்டர்தானே. அவருக்கு எக்கோ காணும். சிகரட்ட விட்டுட்டன், இண்டையோட."

அவள் வாங்கி வைத்தாள். மறுக்கவில்லை. அந்த இடத்தைத்தான் அவள் மனம் திரும்பத் திரும்பப் போய்த் தொட்டது. கணவன் சொன்னார் என்பதால் மட்டும் வைத்தாளா? வெள்ளை உடுப்பு தைத்து முடிந்திருந்தது. ஓதவேண்டியவற்றை எல்லாம் கொப்பியில் எழுதி மனனம் செய்திருந்தாள். கஃபாவை முதலில் காணும்போது என்ன கேட்பது என்று ஏழு வயதிலிருந்து யோசித்து வைத்திருந்தாள். அவரில்லாமல் அவள் போகமுடியாது. உறையை உடுப்புக்குக் கீழே தள்ளிய கைக்குள் அவளுடைய ஆசையும் இருந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் காது சுடும்.

ஆசை இருந்த இடத்தில் இப்போது கணக்கு மட்டும் இருந்தது. கஃபாவை ஏழு சுற்று. ஸஃபா குன்றுக்கும் மர்வாக் குன்றுக்கும் இடையில் ஏழு தடவை நடை. அதில் எத்தனை நாற்பத்திரண்டுகள்? அங்கே நின்று பார்க்க ஜம்புமரம் எது? இலட்சம் பேருக்கு நடுவில் அவர் நிற்பார், சனம் நிற்காது. பின்னால் வருகிறவர்களுக்கும் அது அழுகையாகத்தான் தெரியும். அழுகிற ஹாஜியை யார் தூக்குவார்கள்?

மறுநாள் மாவடிப்பள்ளிக்குப் போனார்கள். கதிர்காமனிடம் பயணம் சொல்ல வேண்டியிருந்தது. கதிர்காமன் காரைதீவுக்காரர். வாய்க்காலின் கடைசியில் அவருடைய வயல். மூன்று வருடத்துக்கு முன் கடும் வறட்சியில் அவருடைய முறைத் தண்ணீரை றவூப் இரண்டு நாள் மறித்துவிட்டார். பயிரில் பாதி கருகிப்போயிற்று. முஸ்லிமோ தமிழோ, இந்த ஊர்களில் தண்ணீரில் செய்த பிழை மறக்கப்படுவதில்லை. பட்டியலில் மற்ற எல்லாப் பெயரையும்விட றவூப் பயந்தது இந்தப் பெயருக்குத்தான்.

ஓட்டோ தார்வீதியில் நின்றுவிட்டது. அங்கிருந்து வாய்க்கால் ஓரமாக வரம்பில் போகவேண்டும். சிறுபோகத்துக்கு விதைத்து, வயலெல்லாம் தண்ணீர் மினுங்கியது. தூரத்தில் கதிர்காமன் மண்வெட்டியோடு குனிந்து நின்றது தெரிந்தது. இருநூறு எட்டுக்குக் குறையாது.

"இஞ்சருங்க, போன் எடுத்து அவர இஞ்சால வரச் சொல்லுவமா?"

"பொருத்தம் கேக்கப் போறவன் வரச்சொல்லியா கேக்கிற?"

"வெயில்..."

"முஸ்பிறா, சும்மா வா."

முப்பத்தொன்றில் நின்றார். தண்ணீரைப் பார்த்தார். அடுத்தது இருபத்தாறு. அடுத்தது பத்தொன்பது. எண்ணிக்கை இப்படிச் சரியும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. திரும்பிப் போகலாம் என்று சொல்ல நினைத்தாள். திரும்பினாலும் அதே தூரம் இருக்கிறதே என்று தோன்றியதும் அவருக்கு இன்னும் நெருங்கி நடந்தாள். வரம்பு ஒடுங்கியது. அவரைப் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் இடமில்லை.

கதிர்காமன் நிமிர்ந்தார். "ஆரது, வட்டானையாரா? என்ட முறை நாளைக்கெண்டாங்க. மறிக்கிறதுக்கு இண்டைக்கே வந்திட்டீங்களோ?"

றவூப் கையை உயர்த்தினார். உயர்த்திய கை அப்படியே முழங்காலுக்கு இறங்கிற்று. இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்தார். கழுத்து நரம்புகள் கயிறாய்ப் புடைத்தன. காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டது. வெளியே வருகிற சத்தம் கேட்கவில்லை.

"ஓ, அழுறீங்களாம் எண்டு கேள்விப்பட்டன். இஞ்ச வந்து அழ வேணாம், வயல் ஏற்கனவே ஈரம்." சிரித்துக்கொண்டு வந்த கதிர்காமன் பாதித் தூரத்தில் நின்றார். சிரிப்புப் போய்விட்டது. மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கி ஓடி வந்தார். "இது அழுகையில்ல தங்கச்சி. இவருக்கு மூச்சு இல்ல."

ஒரே ஒரு பார்வையில். ஊர் முழுக்க ஏழு நாளாகக் காணாததை.

றவூப்பை வரம்பில் இருத்தி, முதுகைத் தன் நெஞ்சில் சாய்த்து, சட்டைப் பொத்தான்களைக் கழற்றினார். முஸ்பிறா கைப்பையைக் கவிழ்த்து பம்ப்பைத் தேடினாள். கிடைத்தது. மூடி கழலவில்லை. கதிர்காமன் பிடுங்கி, பல்லால் மூடியை இழுத்து, வாயில் வைத்தார். றவூப்பின் உதடுகள் நாவற்பழம் தின்றவனுடையவைபோல் இருந்தன. கண்கள் முஸ்பிறாவைப் பார்த்தன. அந்தக் கண்களில் வட்டவிதானையும் இல்லை, ஹாஜியும் இல்லை. பயந்துபோன ஒரு உயிர் மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

உயிர் பிரிகிறவருக்குக் கலிமாவை எடுத்துக் கொடுக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். நாக்கில் வரவில்லை. வந்ததெல்லாம் வெள்ளை உடுப்புக்குக் கீழே கிடக்கும் உறைதான். நான்தான் வைத்தேன். நான்தான் வைத்தேன்.

பத்து நிமிடமாயிற்றோ, அதற்கு மேலோ. சத்தம் மெல்ல மெல்ல மாறிற்று. உதட்டில் நிறம் திரும்பத் தொடங்கியபோது கதிர்காமன் தன் தலைத்துண்டால் அவர் முகத்தைத் துடைத்தார். பொத்தான் திறந்த சட்டையின் பையிலிருந்து எதுவோ வரம்பில் விழுந்து கிடந்தது. சிகரட் பெட்டி. கதிர்காமன் அதை எடுத்தார். றவூப்பைப் பார்க்காமல் முஸ்பிறாவின் கையில் கொடுத்தார்.

"கதிர்காமன்," றவூப் சொல்லுக்குச் சொல் நிறுத்திப் பேசினார். "அந்த வருசம்... உங்கட தண்ணிய மறிச்சி... என்ட மச்சான்ட வயலுக்கு விட்டன். மேலால தண்ணி வரல்ல எண்டு... பொய் சொன்னன். பொருந்திக்கங்க."

"அது எனக்கு அப்பவே தெரியும். முழு ஊருக்கும் தெரியும். நீங்க சொல்லுறீங்களா எண்டு பாத்துக்கொண்டிருந்தன்." கதிர்காமன் அவர் தோளை அழுத்தினார். "சொல்லிட்டீங்க. முடிஞ்சுது. போங்க." பிறகு தலையை அவள் பக்கம் சாய்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இந்த மனிசன எந்த ஊருக்கு தங்கச்சி கொண்டுபோகப் போறீங்க?"

அவள் சிகரட் பெட்டியைக் கைப்பைக்குள் திணித்தாள். கதிர்காமன் தன் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் வைக்கோல் பரப்பி அவரை ஏற்றித் தார்வீதிவரை கொண்டுவந்து விட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று முஸ்பிறா ஓட்டோவில் மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் அவர் தலையாட்டி மறுத்தார்.

வீட்டின் முன்பகுதி ஆதிலாவுக்குச் சீதனமாகக் கொடுத்தது. பின்னால் இரண்டு அறையில் இவர்கள். மஃரிபு தொழுதுவிட்டு முஸ்பிறா வரும்போது றவூப் கதிரையில் சாய்ந்திருந்தார். முன்பக்கத்திலிருந்து ஆதிலாவின் குரல் வந்தது. "உம்மா, வெள்ளிக்கிழம விருந்துக்கு இருநூறு பேருக்குச் சொல்லியாச்சி. வாப்பாட்டச் சொல்லுங்க, நாளைக்கிக் காலையில படிவத்தோட பஸார் டொக்டர்ட்டப் போகணுமாம். பிந்தினா ஏலாதாம்."

"சரி மகள்."

சிகரட் பெட்டி மேசையில் இருந்தது. இருவரும் அதைப் பார்க்கவில்லை.

"ஒரு நாளைக்கி ரெண்டு, மூணுதான் பத்துற," என்றார் றவூப். "முந்தி இருவது. யோசிச்சிப்பாரு."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கி நீயும் கூட வா. டொக்டர் எக்கோவப் பாப்பார். மூச்சுமுட்டு ஏதும் இரிக்கா எண்டு வழக்கமாக் கேக்கிற. உன்னட்டயும் கேப்பார். இல்ல எண்டா முடிஞ்சுது."

"இண்டைக்கி வரம்பில உங்கட வாயப் பாத்தன். நீலமாப் போயிட்டு."

"இப்ப நல்லாத்தானே இரிக்கன்."

"கதிரையில இரிக்கீங்க."

அவர் வாசல் பக்கம் பார்த்தார். முன்பக்கத்தில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம். "அங்க மௌத்தானாலும் நல்ல மௌத்துதானே புள்ள. எத்தின பேர் கேட்டுக் கிடைக்கல்ல."

இதை யோசித்து வைத்திருக்கிறார் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. தன் மரணத்தை எடுத்துப் பார்த்து, நல்லது என்று கண்டு, மடித்து வைத்திருக்கிறார். அந்த யோசனையில் அவள் எங்கே நிற்கிறாள்? ஏதோ ஒரு கூடாரத்தில், மொழி தெரியாத பெண்களுக்கு நடுவில், அவருடைய பையை மடியில் வைத்துக்கொண்டு. பிறகு தனியாக விமானத்தில்.

"உங்களுக்கு நல்ல மௌத்து. எனக்கு?"

"எனக்கும் பயம்தான் முஸ்பிறா." அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார். "இஞ்ச கிடந்து, ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு எட்டாக் குறைஞ்சி, நீ வாளி ஏந்த... அதுக்குத்தான் பயம். நீ எண்ணுறாய். எனக்குத் தெரியும். நானும் எண்ணுறன்."

ஒரே தெருவில், ஒரே எண்களை, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல்.

றவூப் கதிரைக் கையை ஊன்றி எழும்பினார். எழும்ப வேண்டாம் என்று சொல்ல அவள் கை நீட்டினாள். அவர் நின்றுகொண்டுதான் சொல்லவேண்டும் என்றிருந்தார். இத்தனை வாசல்களில் சொன்னது போலவே.

"எல்லார்ட்டயும் கேட்டுட்டன். நீ மட்டும்தான் மிச்சம். இந்த முப்பத்திநாலு வருசத்தில தெரிஞ்சும் தெரியாமலும்..." மூச்சு எடுத்தார். "எவ்வளவோ பிழ செஞ்சிரிக்கன். பொருந்திக்க புள்ள. நீ பொருந்தாம நான் போக ஏலா."

இந்த இடத்தில் மனைவிமார் கணவன் வசனத்தை முடிக்க விடமாட்டார்கள். "என்ன பேச்சு இது, நான் பொருந்திட்டன், நீங்களும் என்னப் பொருந்திக்கங்க" என்று அழுதுகொண்டு கையைப் பிடிப்பார்கள். அவளுடைய உம்மா அப்படித்தான் செய்தாள். ஒரு சொல்தான். சொன்னால் விருந்து நடக்கும், பெட்டி கட்டுவார்கள், இருநூறு பேர் வாசலில் நின்று துஆச் செய்வார்கள், அவளும் கஃபாவைக் காண்பாள். சொல்லாவிட்டால் கணவனின் ஹஜ்ஜை மறித்தவள் என்ற பெயர் அவள் கபுறுக்குழிவரைக்கும் வரும். சல்மா உம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். அல்லாஹ்விடம் இதற்கு என்ன சொல்வாள் என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

பிழைகளை எல்லாம் அவள் எப்போதோ மன்னித்துவிட்டாள். அவர் இப்போது கேட்பது தன்னைப் போகவிடும்படி.

அவர் நின்றபடியே இருந்தார். தோள்கள் ஏறி இறங்கின.

"இரிங்க," என்று அவர் முழங்கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினாள். பிறகும் கையை எடுக்கவில்லை.

"சொல்லு புள்ள."

"நான் பொருந்தல்ல," என்றாள். முன்பக்கத்துக்குக் கேட்காத குரல்.

"என்ன?"

"இந்த வருசம் போறதுக்கு நான் பொருந்தமாட்டன். நாளைக்கி உங்களோட வாறன். மூச்சுமுட்டு இரிக்கா எண்டு டொக்டர் என்னட்டக் கேட்டா, இரிக்கி எண்டுதான் சொல்லுவன்."